முத்திரை மட்டும் அவருடையது

ஹிசானோ வென்றவற்றை முதலில் சொல்லிவிடலாம். மாகாண எழுத்துக்கலைக் கண்காட்சியில் முதல் பரிசு, அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள். ஒசாகாவில், நாடெங்கிலுமிருந்து வந்த எழுத்துகளுக்கு நடுவே நடுவர்களின் சிறப்புப் பரிசு. மாகாணத்தின் பண்பாட்டு விருது. சொந்த ஊரான இசோதானியின் துறைமுகக் கோயில் வாசலில் தங்கத் தகடு ஒட்டிய பெயர்ப்பலகை. ஊர்மன்றத்தில் தலைவர் நாற்காலிக்குப் பின்னால் தொங்கும் ஆளுயரச் சுருள். சிலர் ஹிரோஷிமாவையும் இந்த வரிசையில் சேர்ப்பார்கள். அது தவறு. ஹிரோஷிமாவில் கிடைத்தது பாராட்டுச் சான்று, பரிசு அல்ல. இல்லாததைச் சேர்த்துப் பெருமைப்பட வேண்டிய நிலையில் ஹிசானோ இல்லை.

இத்தனையையும் வென்றவள் மீன் அரைக்கும் தொழிற்சாலையில் நாள் முழுக்க ஈரத்தில் நின்று வேலை பார்த்தவள். கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து ஓராண்டிலேயே பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள். தூரிகையை ஒழுங்காகப் பிடிக்கக் கற்றுக்கொண்டபோது அவளுக்கு முப்பது வயது. மற்றவர்கள் ஆறு வயதில் பிடிப்பார்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். மேலே சொன்ன எதிலும் அவள் பெயர் இல்லை. எல்லாவற்றிலும் இருப்பது அவள் ஆசிரியர் இவாமி தெக்கிசானின் பெயரும், அவருடைய சிவப்பு முத்திரையும்.

அக்கா ரிட்சுவுக்கு இதை நினைத்தால் சோறு இறங்காது. ரிட்சு ஊர்க் காகிதப் பட்டறையில் ஈரத் தாள்களைச் சூடான இரும்புத் தகட்டில் ஒட்டி உலர்த்தும் வேலை பார்த்தாள். ஓரம் கிழிந்த தாள்களை முதலாளி எடுத்துப்போகச் சொல்வார். தங்கை எழுதிப் பழகியது அத்தனையும் அந்தக் கிழிசல்களில்தான். நல்ல தாளில் எழுதினால் கை பயப்படும் என்று ஹிசானோ சொல்வாள். நல்ல தாள் அவளுக்கு வெகுகாலம் கிடைக்காததால் அதை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

தெக்கிசானின் வகுப்பு அவர் வீட்டு மாடியில் வியாழக்கிழமைதோறும் நடந்தது. வங்கி மேலாளர் மனைவி, பல் டாக்டரின் மனைவி, முடிதிருத்தும் குவாமோட்டோ, இன்னும் சிலர். ஹிசானோ தொழிற்சாலையிலிருந்து நேராக வருவாள். எலுமிச்சைத் தோலால் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வருவாள். இருந்தாலும் வங்கி மேலாளர் மனைவி அதாச்சி அம்மாள் விடமாட்டாள்.

"இன்னைக்கு மைக்கட்டியை எதுல செஞ்சிருக்காங்க? கானாங்கெளுத்தி வாசம் வருதே?"

"பூனை வராம ஜன்னலைச் சாத்துங்க" என்பாள் பல் டாக்டரின் மனைவி.

ஹிசானோ கல்லில் நீர் விட்டு மை தேய்ப்பாள். அவள் தேய்க்கும் மைதான் வகுப்பிலேயே நன்றாக இருக்கும் என்பதால் கடைசியில் எல்லாரும் அதில் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

தெக்கிசானின் சங்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. எழுதியதன் இடது ஓரத்தில் மாணவர் தன் பெயரை எழுதக்கூடாது. ஆசிரியர் தன் பெயரின் முதல் எழுத்தான 'தெக்கி'யைக் கொடுத்து ஒரு கலைப்பெயர் சூட்ட வேண்டும். அதன் பிறகு அந்தப் பெயரில்தான் கையெழுத்து. அதுவரை கண்காட்சியில் வைத்தாலும் சுவரில் ஒரு துண்டுச் சீட்டில் 'மாணவர்' என்று மட்டும் இருக்கும். பெற்றவர்கள் வைத்த பெயர் வீட்டுக்கு, ஆசிரியர் வைத்த பெயர் தாளுக்கு என்பார் தெக்கிசான்.

மற்றவர்கள் ஒவ்வொருவராகப் பெயர் வாங்கினார்கள். அதாச்சி அம்மாளும் வாங்கினாள். ஹிசானோ எழுதியதை மட்டும் தெக்கிசான் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். பார்த்துவிட்டு ஒரே பதிலைச் சொல்வார்.

"கோட்டுல இன்னும் நீ தெரியுற. என் கை உன் கையில இறங்கணும். அப்பத்தான் பேரு."

அதனால் ஹிசானோ தன்னை அழிக்கத் தொடங்கினாள். அவர் எழுதிக் கொடுத்த மாதிரித் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்ப எழுதினாள். தூரிகை எங்கே தயங்குகிறது, எங்கே மூச்சு விடுகிறது, எந்த இடத்தில் அவருக்குப் பழைய தோள்வலி என்பது வரை கண்டுபிடித்து அந்த வலியையும் எழுதினாள். ரிட்சு சாப்பாட்டு மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

"ஏண்டி, உனக்குத் தோள் வலிக்குதா?"

"இல்லக்கா. அவருக்கு வலிக்குது."

"அவருக்கு வலிச்சா நீ ஏன் மூஞ்சியைச் சுளிக்குற?"

ஹிசானோ சிரித்துவிடுவாள். அந்த நாட்களில் அவளுக்குச் சிரிப்பு வரும்.

அவள் கை அவர் கையாக மாறிய ஆண்டில் தெக்கிசான் பக்கவாதத்தில் விழுந்தார். வலது கை நடுக்கம் கண்டது. நாக்கும் பாதி இழுத்துக்கொண்டது. சங்கத்தின் பெரிய ஆண்டுவிழாக் கண்காட்சிக்கு அழைப்பிதழ்கள் போய்விட்டன. அவர் எழுத்து இல்லாவிட்டால் கண்காட்சி இல்லை, கண்காட்சி இல்லாவிட்டால் சங்கம் இரண்டாக உடையும். மாணவர்களை இழுத்துக்கொள்ள இன்னொரு ஆசிரியர் பக்கத்து ஊரில் காத்துக்கொண்டிருந்தார். ஒரு மாலை தெக்கிசானின் மனைவி புசாயே தொழிற்சாலை வாசலிலேயே வந்து நின்றாள். ஹிசானோவை வீட்டுக்கு அழைத்துப்போய்த் தேநீர் ஊற்றினாள்.

"இந்த ஒரு தடவை மட்டும்" என்றாள். "ஐயாவோட கை உன்கிட்டதான் இருக்கு. அதை அவருக்குக் கொஞ்சம் கடனாக் குடு."

எழுத்துக்கலை உலகத்தில் இது அதிசயம் ஒன்றுமில்லை. மூத்த மாணவர் ஆசிரியருக்காக ஓர் உறையில் எழுதுவது, நன்றி அட்டையில் எழுதுவது எல்லாம் நடப்பதுதான். ஆனால் கண்காட்சிக்கான எழுத்து வேறு. ஹிசானோ சம்மதித்தாள். பெயர் கிடைத்துவிடும் என்று நினைத்தாள்.

எழுதி முடித்த தாளைத் தெக்கிசான் முன்னால் விரித்தார்கள். முத்திரையை மட்டும் அவரே வைக்க வேண்டும், அப்போதுதான் பொய் பாதிப் பொய்யாகும் என்பது புசாயேயின் கணக்கு. புசாயே அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவர் நெடுநேரம் தாளைப் பார்த்தார்.

"இது... நான் எழுதினது இல்ல."

"யாரு எழுதினதுன்னு யாரும் கேக்கல" என்றாள் புசாயே. "முத்திரையை வைங்க, தணல் ஆறிப்போகுது, மீனைச் சுடணும்."

அவர் ஹிசானோவைப் பார்த்தார். கண்ணில் நன்றி இல்லை. பின்னாளில் அக்காவிடம் இதைச் சொல்லும்போது, வீட்டுக்குள் புகுந்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார் என்றாள் ஹிசானோ. பிறகு முத்திரை இறங்கியது, சற்றே சாய்ந்து.

ஒரு தடவை என்றது ஒன்பது ஆண்டுகள் ஆனது. ஆண்டுவிழா எழுத்து, புத்தாண்டின் முதல் எழுத்து, கோயில் பலகை, ஊர்மன்றச் சுருள். ஐயாவுக்குக் கை தேறிவிட்டது, ஆனால் இடுப்பு வலி, மாடி ஏற முடியாது என்று சொல்லி வியாழக்கிழமை வகுப்பையும் அவளிடமே விட்டார்கள். ஊதியம் கேட்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. 'உதவி ஆசிரியர்' என்ற பேச்சும் எழவில்லை. அவள் அறையின் கடைசி மூலையில் உட்கார்ந்திருப்பாள், மாணவர்கள் தாளை அங்கே கொண்டுபோவார்கள், அவ்வளவுதான்.

ஆனால் சொல்லிக்கொடுப்பதில் அவளுக்கு ஒரு பசி இருந்தது. சிவப்பு மையில் திருத்தம் போடும்போது மாணவர் எழுதிய கோட்டை அடித்துவிட்டு மேலே தன் கோட்டை எழுதமாட்டாள். அவர்கள் கோடு எங்கே வழிதவறியதோ அங்கே ஒரு சிறு புள்ளி வைப்பாள். அந்த இடத்திலிருந்து அவர்களே மறுபடி போக வேண்டும்.

"தள்ளாதீங்க, இழுங்க" என்பாள் குவாமோட்டோவிடம். "தூரிகை முடியெல்லாம் ஒரு பக்கமாச் சாயுது பாருங்க. சவரக்கத்தி பிடிக்கிற மாதிரி நினைச்சுக்கங்க."

"கத்தி எனக்குப் பழக்கம்தாங்க. இந்தத் தூரிகைதான் என் கழுத்தை அறுக்குது."

"உங்க கடைக்கு வர்றவங்களும் அதையேதான் சொல்றாங்க" என்றாள் அதாச்சி அம்மாள்.

அந்தக் குவாமோட்டோவுக்குப் பெயர் வந்தது. தெக்கிரோ. பெயர் சூட்டும் சான்றைத் தெக்கிசான் எழுதியாக வேண்டும். அதாவது ஹிசானோ எழுதியாக வேண்டும். தனக்குக் கிடைக்காத பெயரின் முதல் எழுத்தைத் தன் கையால் இன்னொருவருக்கு எழுதிக் கொடுத்தாள். குவாமோட்டோ அதைச் சட்டமிட்டுக் கடைக் கண்ணாடிக்கு மேலே மாட்டினார். முடிவெட்ட உட்காருகிறவர்கள் எல்லாரும் தலையைத் தூக்கினால் அதைத்தான் பார்க்க வேண்டும்.

அன்று ரிட்சு பொறுக்கமாட்டாமல் கத்தினாள்.

"நாவிதனுக்குப் பேரு, உனக்கு இல்லையா? போய்க் கேளு! வாயில என்ன, மீனா வச்சிருக்க?"

"கேட்டேன்கா."

"என்ன சொன்னாரு?"

"அடுத்த புத்தாண்டுக்குன்னாரு."

"போன வருசமும் அதைத்தானே சொன்னாரு! அடியே, உனக்கு இன்னுமா புரியல? உனக்குப் பேரு குடுத்தா நீ உன் பேருல எழுதி மாட்டுவ. அவரு எழுத்துப் பக்கத்துல உன் எழுத்து தொங்கும். குருடன்கூட ரெண்டும் ஒரே கைன்னு சொல்லிருவான். அவரு உயிரோட இருக்கிறவரைக்கும் உனக்குப் பேரு கிடையாது."

ஹிசானோவுக்கு அது முன்பே புரிந்திருந்தது. அதை அக்கா வாயால் கேட்பதுதான் புதிது.

இதற்கிடையில் வேறொன்று நடந்தது. தெக்கிசானின் எழுத்து முன்னெல்லாம் சதைப்பிடிப்பாக, மை சொட்டச் சொட்ட இருக்கும். ஹிசானோ எழுதத் தொடங்கிய முதல் ஓரிரண்டு ஆண்டுகள் அது அப்படியே இருந்தது. பிறகு மெலிந்தது. கோட்டின் நடுவே மை வற்றி, தாளின் வெண்மை கீற்றுக் கீற்றாகத் தெரிந்தது. கடைசிக் கோடு முடியாமலே நின்றுவிடும். ஆனால் அங்கேதான் நிற்க வேண்டும் என்று பார்ப்பவருக்குத் தோன்றும். அவள் வேண்டுமென்று செய்யவில்லை. அழித்துவிட்டதாக நினைத்த அவள் கை அடியிலிருந்து முளைத்து வந்துவிட்டது.

ஒசாகாவில் பரிசு கிடைத்தபோது பத்திரிகை அதைப் பற்றி அரைப்பக்கம் எழுதியது. 'நோய் இந்தக் கலைஞரின் தூரிகையைக் கழுவித் தூய்மையாக்கியிருக்கிறது. தெக்கிசானின் பிற்காலப் பாணி என்று இதை வருங்காலம் அழைக்கும்.' ரிட்சு அதை உரக்கப் படித்தாள். பாராட்டு அத்தனையும் தங்கைக்கு. வார்த்தைக்கு வார்த்தை தங்கைக்கு. பெருமையில் ரிட்சு அதை இன்னொரு தடவை படித்தாள். அடுத்த நொடி அந்தப் பத்திரிகையில் மத்தி மீனின் குடலைச் சுற்றிக் குப்பையில் எறிந்தாள்.

ஒன்பதாம் ஆண்டின் பனிக்காலத்தில் தெக்கிசான் இறந்தார். பெயர் சூட்டாமலே இறந்தார். அவர் மகன் தகமிச்சி, ஊரில் கார் டயர் கடை வைத்திருந்தவர், சங்கத்தின் தலைவரானார். தூரிகையை அவர் பள்ளியோடு விட்டுவிட்டிருந்தார்.

ஹிசானோ சங்கத்துக்குப் போவதை நிறுத்தினாள். சங்கம் எதுவும் சாராத, யார் வேண்டுமானாலும் அனுப்பக்கூடிய ஒரு பெரிய கண்காட்சிக்கு எழுதினாள். கிழிசலில் அல்ல. ரிட்சு தானே உலர்த்திய, ஓரம் கெடாத நல்ல தாளில். 'மழை கேட்டு உறங்கு' என்ற சொற்கள். அவள் வாழ்நாளில் எழுதியதிலேயே சிறந்தது அது. அக்கா என்பதால் ரிட்சு இதைச் சொல்லவில்லை. நாற்பது ஆண்டுகளாக எழுத்துத் தாளைக் கையில் எடுத்தவள் என்பதால் சொன்னாள். அந்தக் கண்காட்சியின் விதிப்படி தேர்வாகும்வரை பெயர் எழுதக்கூடாது. தேர்வானால் வந்து கையெழுத்திடலாம். இடது ஓரத்தில் அதற்கான வெற்றிடத்தை விட்டு அனுப்பினாள்.

தாள் திரும்பி வந்தது. கூடவே நடுவரின் குறிப்பு: 'காலஞ்சென்ற தெக்கிசானின் பிற்காலப் பாணியைத் திறமையாகப் பின்பற்றியிருக்கிறீர்கள். ஆனால் மூலத்தில் உள்ள ஆழம் இதில் இல்லை. ஆசிரியரைக் கடந்து உங்கள் சொந்தக் கையைத் தேடுங்கள்.'

ஹிசானோ அன்று அழவில்லை. சோற்றில் தேநீரை ஊற்றிக் கரைத்துக் குடித்துவிட்டு, "அக்கா, என்னைப் பார்த்து நான் காப்பியடிச்சேனாம்" என்றாள்.

"அவன் வீட்டு அட்ரஸ் இருக்கா?" என்றாள் ரிட்சு. "நான் போய்ச் சொல்றேன்."

"என்னன்னு சொல்லுவ? ஒன்பது வருசமா ஊரையே ஏமாத்தினோம்னா?"

இரண்டு ஆண்டு கழித்துத் தகமிச்சி வந்தார். பீன்ஸ் இனிப்புப் பெட்டியை முன்னால் தள்ளிவைத்துத் தலையைத் தரையில் முட்டும்படி குனிந்தார். அப்பாவின் நினைவுக் கண்காட்சி வைக்கப்போகிறார். ஒசாகாவிலிருந்து வியாபாரிகள் வருகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது பிற்கால எழுத்து மட்டும்தான்.

"ஆனா பெட்டி வேணும்னு நிக்கிறாங்க" என்றார்.

ரிட்சுவுக்கும் தெரிந்ததுதான். சுருள் எழுத்தை இலேசான கிரி மரப்பெட்டியில் வைப்பார்கள். எழுதியவர் இறந்துவிட்டால், இது அவருடைய உண்மையான எழுத்துதான் என்று வாரிசோ மூத்த மாணவரோ பெட்டியின் மூடியில் தூரிகையால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த எழுத்து இல்லாத சுருளை யாரும் தொடமாட்டார்கள்.

"நீங்கதானே வாரிசு, நீங்களே எழுதுங்க" என்றாள் ரிட்சு.

"என் எழுத்தை மூடியில பார்த்தா உள்ள இருக்கிறதையும் போலின்னு நினைச்சிருவாங்க, அம்மா." அவர் வெட்கத்தோடு சிரித்தார். "ஹிசானோ அக்காதான் மூத்த மாணவி. சங்கத் தலைவர்ங்கிற முறையில இப்பவே பேரு தர்றேன். தெக்கிஜு. அப்பா மனசுல இருந்த பேரு அதுதான்."

"உங்கப்பா மனசுல என்ன இருந்துச்சுன்னு எங்களுக்கும் தெரியும்" என்றாள் ரிட்சு. "இவ எழுதினதுக்கு இவளே அவரு எழுதினதுன்னு சாட்சி போடணுமா? வெட்கமா இல்ல?"

"இருக்கு" என்றார் தகமிச்சி. அவர் கெட்டவர் அல்ல. அதுதான் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் செய்தது. "ஆனா வேற வழி தெரியல. உண்மையைச் சொல்றதுன்னா சொல்லுங்க. நான் தடுக்கமாட்டேன்."

அவர் போன பிறகு ரிட்சு குதித்தாள். "சொல்லிரு! ஊர் நடுவுல போட்டு உடை! கோயில் பலகையிலிருந்து எல்லாம் நான் எழுதினதுன்னு சொல்லு. உனக்கு இதைவிட்டா வேற நாள் வராது."

"உடைச்சா யார் காலுல குத்தும்னு நினைச்சியா?" ஹிசானோ மெதுவாகத்தான் பேசினாள். "குவாமோட்டோ கடையில தொங்குறதும் நான் எழுதினதுதான். அவரு பேரும் போலி ஆயிரும். இந்த ஒன்பது வருசத்துல பேரு வாங்கின அத்தனை பேரோட பேரும் செல்லாது. நான் சொல்லிக்குடுத்தவங்க, அக்கா. புள்ளி வச்சுப் புள்ளி வச்சு ஏத்திவிட்டவங்க. எனக்குப் பேரு இல்லாம இருக்கிறது எப்படின்னு எனக்குத் தெரியும். அவங்களுக்கு அது வேண்டாம்."

"அவங்கள்ல யாராச்சும் உனக்காக வாயைத் திறந்தாங்களா?"

"இல்ல."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. அவங்க வாயைத் திறக்கல, நானும் திறக்கல."

ரிட்சு அன்றைக்கு மட்டுமல்ல, இன்றைக்கும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் தங்கையோடு போனாள். தெக்கிசான் வீட்டு மாடியில், ஜன்னல் வெளிச்சத்தில், பெட்டி மூடிகள் வரிசையாகக் காத்திருந்தன. கிரி மரம் மையை உறிஞ்சிப் பரவவிடும். அதனால் ரிட்சு மூடிகளின் மேல் மெல்லிய களிமண் பொடியைத் துணியால் தேய்த்துத் துடைத்துக் கொடுத்தாள். புசாயே தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் இறங்கிப்போனாள்.

ஹிசானோ முதல் மூடியை எடுத்தாள். 'மறைந்த ஆசிரியர் தெக்கிசான் தம் கையால் எழுதியது. இதற்கு நான் சாட்சி.' அந்த மெலிந்த, பாதியில் நிற்கும் கோட்டில்தான் எழுதினாள். வெளியே இருக்கும் எழுத்தும் பெட்டிக்குள் இருக்கும் எழுத்தும் ஒரே கை என்று அவள் ஒளிக்கவில்லை. ஒசாகா வியாபாரிகள் பின்னால் அதைப் பார்த்து, உண்மையான சீடர், ஆசிரியரின் மூச்சை அப்படியே வாங்கியிருக்கிறார் என்று புகழ்ந்தார்களாம்.

அடுத்து பெயர். அவள் இரண்டு எழுத்துகளை முடித்தபோதே தகமிச்சி பதறினார்.

"அக்கா, அது இல்லையே... தெக்கிஜுன்னு எழுதணும்."

"அது நீங்க குடுத்தது" என்றாள் ஹிசானோ, தூரிகையைத் தூக்காமல். "பொய் சொல்றதுக்காவது சொந்தப் பேரு இருக்கட்டும்."

யாசுயி ஹிசானோ. அப்பா யாசுயி மீன்வலை பின்னிப் பிழைத்தவர். அவர் வைத்த பெயர். தூரிகை பிடித்த இருபத்தாறு ஆண்டுகளில் அவள் அதை ஒரு தாளின் ஓரத்திலும் எழுதியதில்லை. அக்காவின் கண்ணுக்கு அந்த அறையில் அதைவிட நல்ல எழுத்து இல்லை. உள்ளே சுருண்டிருந்தவை உட்பட. அதன் பக்கத்தில் வைக்க அவளிடம் முத்திரை கிடையாது, எனவே மரம் அங்கே வெறுமையாக இருந்தது.

அதற்குக் கீழே, வழக்கப்படி, பேரரசரின் ஆண்டுக் கணக்கில் அன்றைய நாளை எழுதினாள்: ஹெய்செய் மூன்றாம் ஆண்டு, அக்டோபர் பதினேழாம் தேதி.